பூசியார் புராணம்

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு மேல் கருவடிக்குப்பத்தின் அந்தச் சந்தில் வண்டி நிறுத்த இடம் தேடி அலைகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று, அங்கே குடியிருக்கும் பாவப்பட்ட ஜனங்கள். இன்னொன்று, லேசர் சாமியைப் பார்க்க வந்த புத்திசாலிகள்.

ஆமாம், லேசர் சாமிதான். சிரிக்காதீர்கள். பூசணிக்காயை நடுத்தெருவில் போட்டுடைத்து, அதில் வழுக்கி விழுகிறவன் காலையும் சேர்த்து உடைக்கிற பழைய முறையெல்லாம் மலையேறிவிட்டது. காய்ச்சலை அளக்கத் தெர்மாமீட்டர் இருக்கிறது, சர்க்கரையை அளக்கக் கருவி இருக்கிறது, திருஷ்டியை அளக்க மட்டும் ஒன்றும் இல்லையே என்று புதுச்சேரி ஏங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் சாமி அவதரித்தார். சந்து முனையில் பெரிய பிளெக்ஸ். அதில் சாமியின் நெற்றியிலிருந்து ஒரு சிவப்புக் கோடு கிளம்பி, கொம்பு முளைத்த ஓர் உருவத்தைத் துளைத்துக்கொண்டு போகும். அந்த உருவம், பிளெக்ஸ் கடைக்காரர் போன மாதம் கொசு மருந்து விளம்பரத்துக்காக வரைந்து வைத்திருந்தது. வீணாக்குவானேன் என்று இதில் ஒட்டிவிட்டார்.

மொட்டை மாடியில் தகரக் கொட்டகை. நடுவில் சாமி. அவர் முன்னால் பட்டுத்துணி போர்த்திய ஒரு வெள்ளைப் பெட்டி. பெட்டி என்றால் உள்ளங்கை அகலம்தான். எண் ஓடுகிற சின்னத் திரையும் பக்கவாட்டில் சல்லடை போன்ற ஓட்டைகளும் தவிர மற்ற இடமெல்லாம் சந்தனம், குங்குமம். பக்தர் எதிரே வந்து உட்காருவார். திரையில் முப்பது, நாற்பது என்று எண் காட்டும்.

"பாக்க சுத்தமாத்தான் இருக்க. உள்ள ஒளிஞ்சிருக்கான்" என்பார் சாமி. ஒளிந்திருக்கிறவனை வெளியே இழுக்க, நெருப்புக் கங்கில் ஒரு பிடி சாம்பிராணியைப் போடுவார். புகை கிளம்பும். உடுக்கை அடிப்பார், மணி ஆட்டுவார். திரையில் எண் இருநூறு, நானூறு என்று ஏறும். ஏறி உச்சிக்குப் போனதும், பட்டுத்துணிக்கு அடியிலிருந்து ஒரு பெண் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் எழும்.

"அத்தான்... சியோன்! பூசியே...ர்!"

கொட்டகையே மயிர்க்கூச்செறியும்.

"அத்தான்னு கூப்புடுது, கேட்டியா?" என்பார் சாமி. "உன் வீட்டுக்காரர் வழியில அல்பாயுசுல போன ஆத்மா. பேரு பூசியார். உன்னைப் புடிச்சி ரொம்ப நாளாச்சி."

பிறகு கயிறு, தகடு, காணிக்கை. எல்லாம் முடிந்ததும் "வாயு பகவானை ஆவாகனம் பண்றேன்" என்று பக்கத்திலிருக்கும் பெடஸ்டல் ஃபேனைப் போடுவார். சரசரவென்று எண் இறங்கும். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். வாயு பகவானுக்கு மூன்று ஸ்பீடு இருப்பதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை.

ஒருமுறை ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சாமி, எல்லார் வீட்லயும் ஒரே பூசியாரா?"

"எல்லார் வீட்லயும் ஒரே கரண்ட் ஓடல? அவருக்குச் சுவரும் ஒண்ணுதான், காத்தும் ஒண்ணுதான். எதுக்குள்ளயும் பூந்து வருவாரு."

கேட்டவர் வெட்கப்பட்டு உட்கார்ந்தார். மூன்றாவது வரிசையில் இருந்த கிருஷ்ணசாமி மட்டும் கொஞ்சம் நெளிந்தார். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்து, இன்றைக்கும் பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்குகிறவர். அந்தக் குரல் அவர் காதில் எதையோ உறுத்தியது. வாயைத் திறக்கப் பார்த்தார். சுற்றிலும் ஜனங்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவரும் கும்பிட்டுவிட்டார்.

இந்தக் கூட்டத்தின் கடைசி வரிசைக்குத்தான் உப்பளத்திலிருந்து தையல்நாயகி வந்து சேர்ந்தாள். கணவன் பஞ்சாலையில் வேலை பார்த்தவன். ஆலையும் மூடியாயிற்று, ஆளும் போயாயிற்று. சுஃப்ரேன் வீதியில் மதாம் லூசியென் வீட்டில் இருபத்திரண்டு வருஷமாகப் பெருக்கித் துடைத்து மகன் முகிலனை ஆளாக்கினாள். எதற்கும் லேசில் பயப்படாதவள். ஆனால் இரண்டு மாதத்தில் மூன்று அடி விழுந்தால் யாராக இருந்தாலும் ஆடித்தான் போவார்கள். முகிலன் வண்டியிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டான். ஃப்ரிட்ஜ் போயிற்று. மூன்றாவதை அந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. மருமகள் செந்தமிழ்ச்செல்வியின் வயிற்றில் மூன்று மாதம் வளர்ந்தது கலைந்துபோயிற்று.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா, "இது யார் தப்பும் இல்லம்மா, பத்துல ஒண்ணு ரெண்டு இப்படி ஆயிடும்" என்று சொல்லித்தான் அனுப்பினார். உண்மையைச் சொன்னார். ஆனால் உண்மைக்கு உடுக்கையும் இல்லை, பிளெக்ஸும் இல்லை. தையல்நாயகிக்கு அது போதவில்லை. கடைசி வரிசையில் நின்று எக்கி எக்கிப் பார்த்தாள். குரல் சரியாகக் கேட்கவில்லை. பக்கத்திலிருந்தவள் "பூசியார்! பூசியார்!" என்று சிலிர்த்துக்கொண்டதைக் கேட்டு இவளும் சிலிர்த்துக்கொண்டாள். புதன்கிழமை வீட்டுக்கே வருவதாகச் சாமி வாக்குக் கொடுத்தார்.

புதன்கிழமை மாலை ஐந்து மணி. சாமி வந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்து, பாயில் அமர்ந்தார். அவருடைய திட்டம் எளிமையானது. வழக்கம்போல் சாம்பிராணி, வழக்கம்போல் பூசியார், வழக்கம்போல் ஃபேன். முகிலனை உட்காரவைத்து அளந்தார். நாற்பது. தையல்நாயகியை அளந்தார். நாற்பத்திரண்டு. சாம்பிராணிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

அப்போது செல்வி வேலையிலிருந்து வந்தாள். அவள் வேலை பார்ப்பது மாவு மில்லில். கோதுமையும் கேழ்வரகும் மிளகாயும் அரைத்து அரைத்து, சாயங்காலம் வரும்போது தலைமுடி, புருவம், புடவை எல்லாம் மாவு படிந்திருக்கும். வீட்டுக்குள் வந்ததும் வராததுமாக முந்தானையை உதறுவது அவள் பழக்கம். உதறினாள்.

பெட்டி அலறியது. எண் தொள்ளாயிரம். ஒரு துளி சாம்பிராணி போடவில்லை, மணி ஆட்டவில்லை, பட்டுத்துணிகூடப் போர்த்தவில்லை. "அத்தான்சியோன்! பூசியேர்! அத்தான்சியோன்! பூசியேர்!"

முதலில் பயந்தவர் யார் தெரியுமா? சாமிதான். பொட்டலம் கை நழுவிக் கீழே விழுந்தது. புகைக்குத்தான் பெட்டி கத்தும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். புகையே இல்லாமல் கத்தினால்? தான் இத்தனை நாள் விற்றுவந்த பேய் நிஜமாகவே கிளம்பி வந்துவிட்டதோ என்று ஒரு நிமிஷம் அவருக்கே வியர்த்தது. தொழிலில் தேர்ந்தவர், அடுத்த நிமிஷமே சுதாரித்துக்கொண்டார்.

"இந்தப் பொண்ணுதான்!" என்று விரலை நீட்டினார். "பூசியார் இவ மேலதான் உக்காந்திருக்காரு. கொழந்தைய எடுத்தது அவருதான். இவ இங்க இருக்கற வரைக்கும் இந்த வூட்டுல தொட்டில் ஆடாது. வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள தாய்வீட்டுக்கு அனுப்பிடுங்க. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள். அப்பறம் பாக்கலாம்."

"எனக்குத் தாய்வீடு ஏது சாமி?" என்றாள் செல்வி மெல்ல. "அம்மா போயி அஞ்சு வருஷமாச்சி. வெழுப்புரத்துல அண்ணன் வீடுதான் இருக்கு."

முகிலன் ஏதாவது சொல்வான் என்று அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் மாவுக்கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நாப்பத்தெட்டு நாளுதானே செல்வி..." என்றான். வீரன்!

இந்த நேரத்தில் தையல்நாயகி என்ன செய்துகொண்டிருந்தாள்? அதுதான் வேடிக்கை. அவள் துடைத்துக்கொண்டிருந்தாள். பெட்டி காதருகில் தெளிவாகக் கத்திய கணத்தில் அவள் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. சொருகியிருந்த துணியை உருவி, பக்கத்திலிருந்த டிவியைத் துடைத்தது, ஜன்னல் விளிம்பைத் துடைத்தது, சாமியின் மரப்பலகையையும் ஒரு இழுப்பு இழுத்தது.

"என்னாம்மா பண்ற?" என்று சாமி அதட்டினார்.

"தெரியலியே சாமி" என்றாள் தையல்நாயகி. தன் கையைத் தானே வெறித்துப் பார்த்தாள்.

மறுநாள் காலை மதாம் லூசியென் வீட்டில் அவளுக்கு வேலையே ஓடவில்லை. வீட்டில் செல்வி ஒரு பைக்குள் நாலு புடவையை மடித்து வைத்துவிட்டு மில்லுக்குப் போயிருந்தாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. அந்தப் பை தையல்நாயகியின் கண்ணை விட்டுப் போகவில்லை.

மதாம் ஆஸ்துமாக்காரர். தூசு என்றால் ஜென்மப் பகை. வழக்கம்போல் பியானோ மூடியின் மேல் ஒரு விரலை இழுத்து, அதை உயர்த்திக் காட்டினார். "தையல்! லா பூசியேர்!"

தையல்நாயகியின் கை இடுப்புக்குப் போனது. போன கை பாதியில் நின்றது.

"மதாம், ஒண்ணு கேக்கணும். பூசியேர்னா தொடைன்னுதானே அர்த்தம்?"

"தொடையா? யார் சொன்னா? பூசியேர்னா தூசு. இருபத்திரெண்டு வருஷமா தூசு, தூசுன்னு கத்துறேன். நீ என்னான்னு நெனச்ச?"

"மொத மாசம், 'பூசினியே'ன்னு என்னைத் திட்டுறீங்கன்னு நெனச்சேன். நான் எதையும் பூசலியேன்னு அழுதுகூட இருக்கேன். அப்பறம் பாத்தேன். நீங்க அதைச் சொன்னா நான் தொடைப்பேன், நான் தொடைச்சா நீங்க சும்மா இருப்பீங்க. தொடைன்னுதான் அர்த்தம்னு இருந்துட்டேன்."

மதாம் சிரிக்கத் தொடங்கினார். தையல்நாயகி சிரிக்கவில்லை. "அத்தான்சியோன்னா, மதாம்?"

"ஜாக்கிரதைன்னு அர்த்தம். கவனமா இருன்னு."

"ஜாக்கிரதை, தூசு." தையல்நாயகி அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னாள். மதாமுக்குச் சிரிப்பு நின்றது.

"வெள்ளைப் பொட்டியா? பேசுமா? லியோன்ல இருந்து எம் பொண்ணு அனுப்பினாளே அது மாதிரி ஒண்ணு! காத்துல தூசு எவ்ளோ இருக்குன்னு காட்டும். ராத்திரியெல்லாம் கத்திச்சின்னு மறுநாளே, நீ வர்றதுக்கு முன்னாடி, சண்டே மார்க்கெட்டுல கடை போடறவன்கிட்டத் தள்ளி விட்டுட்டேன்."

அந்தப் பெட்டிதானா இந்தப் பெட்டி என்று எனக்குத் தெரியாது. பிரான்சிலிருந்து பெட்டி வராத வீடு அந்த வீதியில் குறைவு. தையல்நாயகிக்கும் அது முக்கியமாகப் படவில்லை. "பாவி!" என்று எழுந்தாள். "எம் மருமவ மேல இருந்தது கோதுமை மாவு!"

அன்று மாலை அவள் நேராகப் போனது பக்கத்துத் தெரு அன்வருதீன் வீட்டுக்கு. நகரத்து ஹோட்டல்களின் கூரையில் வட்டமாக ஒட்டியிருக்குமே, புகை வந்தால் கூவுகிற கருவி, அதை மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் அவன் தொழில். அவள் சொன்னதைக் கேட்டு அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அய்யோ அக்கா! நான் மாட்டுறதுக்கு அது தம்பி முறை ஆவணும். உள்ள ஒரு இருட்டு அறை, அவ்ளோதான். ஒரு பக்கத்துல இருந்து லேசர் வெளிச்சம் நேராப் போவும். ஓரமா ஒரு எலக்ட்ரானிக் கண்ணு உக்காந்திருக்கும். காத்து சுத்தமா இருந்தா வெளிச்சம் அதும்பாட்டுக்கு நேராப் போயிடும், கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. தூசு உள்ள வந்தா வெளிச்சம் அதுமேல பட்டு நாலா பக்கமும் செதறும், கண்ணுல வுழும். எவ்ளோ செதறுதோ அவ்ளோ நம்பர்."

"ஜன்னல் வழியா வெயில் வந்தா அந்தக் கோட்டுல மட்டும் தூசு பறக்கறது தெரியுமே, அப்பிடியா பாய்?"

"அதே! அதுக்கு மேல ஒரு புண்ணாக்கும் இல்ல. ஏர்போர்ட்டுல பனி மூட்டத்துல எவ்ளோ தூரம் கண்ணு தெரியும்னு அளக்குறதும் இதே வித்தைதான். சாம்பிராணியா, சிகரெட்டா, மாவான்னுகூட இதுக்குப் பிரிச்சிப் பாக்கத் தெரியாது. இதுக்கு எங்க பேயி தெரியப் போவுது? போன வருஷம் ஒரு ஹோட்டல்ல பவுடர் கொட்டிக்கிட்டு அலாரம் அடிச்சி, கல்யாணப் பொண்ணோட எல்லாரையும் ரோட்டுக்கு எறக்கி விட்டாங்க."

தையல்நாயகி எழுந்து முந்தானையை இடுப்பில் சொருகினாள். "பாய், நாளைக்கு என்கூட கருவடிக்குப்பம் வரியா?"

"நானா? பாய் வந்து எங்க சாமியைக் கெடுத்துட்டான்னு சொல்ல மாட்டாங்களா, அக்கா?"

"கெடுக்கப் போறது நானு. நீ ஒட்டற டேப் ஒண்ணு மட்டும் எடுத்துட்டு வா."

வெள்ளிக்கிழமை. கொட்டகையில் இடமில்லை. உப்பளத்தில் ஒரு பெண்ணின் மேல் பூசியார் சாம்பிராணி இல்லாமலே எழுந்தருளிய செய்தி ஊரெல்லாம் பரவி, கூட்டம் இரட்டிப்பாகியிருந்தது. தையல்நாயகி இந்த முறை முதல் வரிசைக்கே போய்விட்டாள். பக்கத்தில் செல்வி. மடியில் அந்தப் பை. "வரேன் அத்தை. அப்பிடியே பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடுறேன்" என்று சொல்லித்தான் வந்திருந்தாள். அவளுக்கு இன்னும் யாரையும் நம்பத் தோன்றவில்லை. நம்பாததும் நியாயம்தான். முகிலன் பின்னால் நின்றான். அன்வருதீன் ஓரமாக.

"சாமி" என்று எழுந்தாள் தையல்நாயகி. "எம் மருமவளை ஊருக்கு அனுப்பப் போறேன். கடைசியா எல்லார் எதிரயும் ஒரு தரம் அளந்து காட்டுங்க."

இலவச விளம்பரம்! சாமி முகம் மலர்ந்து பெட்டியை நீட்டினார். செல்வி குளித்து, துவைத்த புடவை கட்டியிருந்தாள். முப்பத்தைந்து. சாமி பெட்டியைத் தட்டினார். முப்பத்தைந்துதான்.

"என்னைப் பாத்ததும் பயந்து ஒளிஞ்சிக்கிட்டான்" என்றார். கூட்டம் "ஆமாம், ஆமாம்" என்றது.

"இருக்கும் சாமி" என்றாள் தையல்நாயகி. பையிலிருந்து மில்லின் காலி மாவுச் சாக்கை எடுத்து, சாமியின் தோளுக்கு மேல் ஓங்கி ஓர் உதறு உதறினாள்.

வெள்ளையாகக் கிளம்பியது மாவு. பெட்டி அலறியது. "அத்தான்சியோன்! பூசியேர்! அத்தான்சியோன்! பூசியேர்!" எண் தொள்ளாயிரத்து தொண்ணூற்றொன்பதில் போய் முட்டி நின்றது.

"எம்மாடி! சாமி மேலயே உக்காந்துட்டாரே!" என்று தையல்நாயகி மாரில் கை வைத்துக்கொண்டாள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

சாமி மாவு படிந்த தாடியைத் தடவினார். ஆள் லேசுப்பட்டவர் இல்லை. "பாத்தீங்களா! அந்தப் பொண்ணு மேல இருந்த தோஷத்தை நான் எம்மேல வாங்கிக்கிட்டேன்!"

கூட்டம் உருகியது. இரண்டு பேர் விழுந்து கும்பிட்டார்கள். இருமிக்கொண்டேதான் கும்பிட்டார்கள், ஆனாலும் கும்பிட்டார்கள். செல்வி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம்" என்றான் அன்வருதீன். "சாமி, பூசியாருக்குச் சுவரும் ஒண்ணுதான், காத்தும் ஒண்ணுதான்னு நீங்க சொன்னதா கேள்விப்பட்டேன். நெஜமா?"

"நெஜந்தான். மலையையே தொளைச்சிட்டு வருவாரு."

"அப்ப இந்தப் பிளாஸ்டிக் டேப்பு அவருக்கு எம்மாத்திரம்?"

சாமி யோசிப்பதற்குள் தையல்நாயகி ஃபேனைப் போட்டுவிட்டாள். மூன்றாவது ஸ்பீடு. மாவு பறந்து போயிற்று. எண் மளமளவென்று முப்பதுக்கு இறங்கியது. அன்வருதீன் பெட்டியின் பக்கவாட்டு ஓட்டைகளை டேப்பால் அழுத்தி ஒட்டினான். ஃபேனை நிறுத்தினான்.

"இப்ப அடிங்க அக்கா."

தையல்நாயகி அடித்தாள். இரண்டு மாதத்துக் கோபத்தையும் சேர்த்து அடித்தாள். முன்வரிசை முழுக்க வெள்ளையாயிற்று. சாமியின் கண்ணும் மூக்கும் தெரியவில்லை. எல்லாரும் பெட்டியையே பார்த்தார்கள். முப்பது. இருபத்தெட்டு. இருபத்தைந்து. பெட்டி வாயே திறக்கவில்லை.

"என்னா சாமி," என்றான் அன்வருதீன், "மலையைத் தொளைக்கறவரு ஒரு டேப்புக்கு வெளிய நிக்கறாரு?"

டேப்பை உரித்தான். பெட்டி மூச்சு வாங்கிக் கத்தியது. "அத்தான்சியோன்! பூசியேர்!" மறுபடி ஒட்டினான். அடங்கியது. இந்த முறை சிரிப்பு பின்வரிசையில் நிற்கவில்லை. கொட்டகை முழுக்கப் பரவியது.

தையல்நாயகி இடுப்புத் துணியை உருவினாள். இந்தத் தடவை கை தானாகப் போகவில்லை, அவளே தெரிந்து எடுத்தாள். பெட்டியைப் பிடித்து, இருபத்திரண்டு வருஷ அனுபவத்தோடு ஓர் அழுத்து அழுத்தித் துடைத்தாள். சந்தனம் போயிற்று. குங்குமம் போயிற்று. முன்பக்கத்தில் ஏதோ எழுத்து வெளியே வந்தது. பின்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதைச் செல்வி வாங்கி, எல்லாருக்கும் கேட்கும்படி படித்தாள்.

"சண்டே மார்க்கெட். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது."

"அப்ப முன்னால எழுதியிருக்கறது?" என்று ஒருவர் கேட்டார். "இங்கிலீஷ் மாதிரியும் இல்லியே?"

தையல்நாயகி கூட்டத்தைத் துழாவினாள். மூன்றாவது வரிசையில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்ததால்தான் மாட்டினார்; சுஃப்ரேன் வீதியில் அவள் அடிக்கடி பார்த்த முகம். "ஐயா, பிரெஞ்சு பென்ஷன்காரர்தானே? வாங்க, படிங்க."

கிருஷ்ணசாமி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். "பூசியேர். ஃபுமே." தொண்டையைச் செருமினார். "தூசு. புகை."

"அப்ப அத்தான்?" என்று கேட்டாள் ஒருத்தி.

"அத்தானும் இல்ல, மாமனும் இல்ல. ஜாக்கிரதைன்னு அர்த்தம். ஜாக்கிரதை, தூசுன்னு சொல்லுது."

கொட்டகையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தையல்நாயகிதான் கேட்டாள். "எத்தினி வாரமா வரீங்க?"

"ஏழு வாரம்."

"மொத வாரமே தெரியுமா?"

கிருஷ்ணசாமி தரையைப் பார்த்தார். "தெரியும்மா. ஆனா இத்தினி பேர் கும்புடறாங்களே, சாமி சொன்னா வேற அர்த்தம் இருக்கும்னு நெனச்சிக்கிட்டேன்."

அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஏமாற்றுகிறவன் ஒருத்தன்தான். தெரிந்திருந்தும் வாயை மூடிக்கொண்டு கும்பிடுகிறவர்கள்தான் அவனுக்குக் கொட்டகை போட்டுக் கொடுக்கிறார்கள்.

இதற்குள் சாமி படிக்கட்டுப் பக்கம் நகர்ந்திருந்தார். வியர்வையில் மாவு கரைந்து வழிந்ததில் ஒட்டுத் தாடி ஒரு பக்கம் தொங்கியது. "டேய், இது நம்ம கெணத்தடித் தெரு அன்பழகன்டா! எங்க வீட்டுக்கு வாட்டர் ஃபில்ட்டர் விக்க வந்தவன்!" என்று ஒருவர் கூவினார். காணிக்கை போட்டவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் படிக்கட்டை நோக்கிப் பாய்ந்தார்கள். கீழே போலீஸ் வரும்வரை அவரை அவர்களே பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள். சுவரையும் துளைத்துப் போகிற பூசியார் மட்டும் தன் எஜமானுக்குச் சந்து வழியாகத் தப்பிக்கக்கூட ஒரு வழி காட்டவில்லை.

தையல்நாயகி செல்வியின் முன்னால் போய் நின்றாள். சுற்றிலும் கூட்டம் இருந்தது. இருக்கட்டும் என்று நினைத்தாள். ஊரெல்லாம் பரவிய தப்பை ஊர்க் கூட்டத்தின் முன்னாலேயே சொல்ல வேண்டும்.

"வயித்துல இருந்தது கலைஞ்சி உனக்கு வலிச்சப்போ கூட நிக்காம, யாரையோ கூட்டியாந்து உன்னைப் பேய்ன்னு சொல்ல வச்சேன். தப்பு என்னுதுடி. மன்னிச்சிடு."

செல்வி அப்போதுதான் அழுதாள். மூன்று நாளாக அழாததெல்லாம் சேர்த்து அழுதாள். முகிலன் தயங்கித் தயங்கி வந்து, நல்ல கையால் அவள் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டான்.

"இப்ப வந்து தூக்கு" என்றாள் செல்வி, கண்ணைத் துடைத்தபடி. "அன்னிக்கி நாப்பத்தெட்டு நாளுதானேன்னு சொன்ன இல்ல? நாப்பத்தெட்டு நாளைக்கி நீதான் எம் மில்லுப் பொடவையத் தொவைக்கற. ஒத்தக் கையாலயே தொவை."

"சரி" என்றான் முகிலன். வேறென்ன சொல்வான்?

அவர்கள் படியிறங்கும்போது, கொட்டகையில் மாவோடு நின்ற ஓர் அம்மாள் ஓடிவந்து அன்வருதீனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாய், நீங்க ஹோட்டல்ல மாட்டுறீங்களாமே, அது இதைவிடப் பெரிசாமே! எங்க வீட்டுக்கு ஒண்ணு மாட்டிக் குடுங்களேன். எம் மாமியா செத்ததுல இருந்து வீட்டுல ஒரே சண்டை."

அன்வருதீன் தையல்நாயகியைப் பார்த்தான். தையல்நாயகி இடுப்பிலிருந்த துணியை உருவி அந்த அம்மாளின் கையில் வைத்தாள்.

"இந்தாம்மா. காத்துல இருக்கற பூசியேரைத்தான் மிஷினு காட்டும். மண்டைக்குள்ள இருக்கறதைக் காட்டற மிஷின் இன்னும் வரல. அதை அவங்கவங்களேதான் தெனமும் தொடைச்சிக்கணும்."